போத்தல் பிடித்த கை

அனுசரணைக் காசு கேட்டுக் கடைகளுக்குப் போவதென்றால் காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் போக வேண்டும். அதற்கு முன் போனால் முதல் வியாபாரம் ஆகியிருக்காது, முகம் கொடுக்க மாட்டார்கள். பிந்திப் போனால் சாப்பாட்டு நினைவில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை போகவே கூடாது. கடைக்குள் கால் வைத்ததும் கடிதத்தை நீட்டவும் கூடாது. முதலில் எதையாவது வாங்க வேண்டும், ஒரு பெட்டி நெருப்புக்குச்சியாவது. இருபத்திரண்டு வருடம் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்து நான் படித்தது இவ்வளவுதான். நிவேதனா, அடுத்த வருடம் இந்த வேலையை நீ வேறு யாரையாவது கொண்டு செய்விக்க வேண்டி வரும் என்பதால் இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

நேற்று நீ வந்து இரண்டு படங்களை என் மேசையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். உன் அப்பாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு வெளியிடப்போகும் நினைவு மலருக்கு நீ கேட்ட கட்டுரை மற்ற உறையில் இருக்கிறது. இரண்டு பக்கம். நன்றாக வந்திருக்கிறது, அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம். இது அச்சுக்கு அல்ல. இதில் பிரகலாதனை நான் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். அரிவரி வகுப்பிலிருந்து அப்படித்தான் பழக்கம், மகள் என்றபடியால் நீ மனவருத்தப்படக் கூடாது.

அவனுக்கு வந்தது மோட்டார் நியூரோன் வருத்தம். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும், அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். விளையாட்டு ஆசிரியராகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளை ஓட விட்டவனுக்கு முதலில் வலது கால்தான் இழுபட்டது. மூன்று வருடத்தில் சக்கர நாற்காலி வந்தது, அதற்குப் பிறகு பேச்சும் போனது. ஓம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பான், இல்லை என்றால் இரண்டு முறை. உங்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் இது தெரியும்.

விழுங்குவதும் கடினமானபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தண்ணீர், தேநீர், சோடா எதையும் அப்படியே கொடுக்கக் கூடாது. அவர்கள் தருகிற மாவைக் கலந்து கூழ்ப் பதத்தில், கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவாசப்பைக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகி ஆளையே கொண்டுபோய்விடும். அந்தத் தாளைப் பெரிய எழுத்தில் பிரதியெடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நாற்காலியின் பின்பக்கத்தில் கட்டியது நான்தான். என் கையெழுத்து திருத்தமானது என்று உன் அம்மா என்னிடம் கேட்டுச் செய்வித்தார். ஆகையால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் போவதில்லை.

விளையாட்டு விழா உன் யோசனை. குடாநாட்டில் இதே வருத்தத்தோடு வேறு ஆட்களும் கிடக்கிறார்கள், அவர்களுக்கு மூச்சு இயந்திரமும் கட்டிலும் வாங்கிக் கொடுக்க வேண்டும், அப்பாவின் பேரில் ஒரு நாள் ஓட்டப்போட்டி வைத்துச் சேர்ப்போம் என்று திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, குகன் மாமாவைத் தெரியாத கடை யாழ்ப்பாணத்தில் இல்லை, அனுசரணையை அவரிடமே விடுவோம் என்றாய். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த நாளே மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

முதல் கடை யாழ்ப்பாணம் ரவுனில் சம்சுதீன் நானாவின் இரும்புக்கடை. நான் இரண்டு பூட்டு வாங்கிவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. மேலே இருந்த பிரகலாதனின் படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தத் தம்பியை எனக்குத் தெரியும்" என்றார். "தொண்ணூறிலை முஸ்லிம் சனம் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு எங்கடை உம்மாவைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போய் லொறியடியிலை விட்டவர். நடக்க ஏலாத மனிசி. மறக்கலாமே?"

அந்தச் சைக்கிள் என்னுடையது. அன்று நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் ரவுனுக்குப் போயிருந்தோம். அவன் கேட்டான், நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பண்டத்தரிப்பு வரை பத்து மைல் நடந்து வந்தேன், காலில் கொப்புளம். பிரகலாதன் பொய்யன் அல்ல. இந்தக் கதையைச் சொன்ன இடமெல்லாம் 'குகன்ரை சைக்கிள்' என்று சொல்லித்தான் சொன்னான். கேட்ட ஆட்களின் காதில் அது விழவில்லை. சம்சுதீன் நானா நான் கேட்டதற்கு மேல் எழுதித் தந்தார், தேநீர் தந்தார், வாசல்வரை வந்து கையைப் பிடித்தார். பிறகு, "நீங்கள் அவருக்கு ஆர்?" என்று கேட்டார்.

நான் அவனுடைய கூட்டாளி என்றேன்.

ஏழு கிழமையில், இரண்டு மாதத்துக்குள், நாற்பத்தொரு கடை ஏறினேன். திருநெல்வேலியில் மருந்துக்கடைக்காரர், தன் மகனுக்கு ஈட்டி எறியக் காட்டிக் கொடுத்தது பிரகலாதன் சேர்தான் என்றார். பலாலி வீதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பெண் படத்தை வாங்கிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார். ஒருவரைத் தவிர எல்லோரும் தந்தார்கள். எல்லோரும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்டார்கள், நீங்கள் அவருக்கு ஆர் என்று. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடைகளுக்கு நான் போய்வருகிறேன். கரப்பந்தாட்டத்துக்குப் போயிருக்கிறேன், துடுப்பாட்டத்துக்குப் போயிருக்கிறேன், வாசிகசாலைக்குப் போயிருக்கிறேன்.

பொறாமை என்று நீ நினைப்பாய். அந்தச் சொல் எனக்குப் புதிது அல்ல, அதற்கு நான் பயப்படுகிறவனும் அல்ல. வயிறு எரிந்தது. ஒவ்வொரு கடையிலிருந்தும் இறங்கி மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது எரிந்தது. ஆனால் அதற்காக நான் ஒரு கடையையும் விடவில்லை, ஒரு கடிதத்தையும் அரைகுறையாகக் கொடுக்கவில்லை. வேலை வேறு, வயிறு வேறு.

பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் நான் ஆறு வருடம் இரண்டாவதாக வந்தேன். ஆறு வருடமும் முதலாவது அவன். வென்றுவிட்டுத் திரும்பி வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பான். உன் அம்மாவையும் முதலில் எனக்குத்தான் பேசினார்கள். சாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. சிவகௌரி பிரகலாதனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார், அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் நேரே என்னிடம் வந்தான். "மச்சான், உனக்கு மனவருத்தம் இல்லையே?" என்று கேட்டான். இல்லையடா என்றேன். நம்பிவிட்டான். மாப்பிள்ளைத் தோழனாக நான்தான் நின்றேன், கலியாணப் படத்தில் அரைவாசி முகம் தெரியும். பிறகு நான் கட்டவில்லை.

என் கோபம் இதில்தான். எனக்கு அவன் போட்டி என்று எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அவனுக்கு நான் போட்டி என்று ஒருநாளாவது தெரிந்ததில்லை. தோற்கிறவன் எதையும் தாங்குவான், பந்தயம் ஒன்று நடந்தது என்றாவது வென்றவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கு வருத்தம் வந்தபோது நான் உண்மையாகவே அழுதேன். அதேநேரம், இனிச் சமன் என்றும் நினைத்தேன். நடக்க முடியாமல், கதைக்க முடியாமல், நாற்காலியில் அசையாமல் இருந்தபடியே அவன் நாற்பத்தொரு கடையிலும் என்னை முந்திக்கொண்டு போனான்.

இனிப் பதாகை விசயம். எங்கள் பக்கத்தில் கிண்ணமோ கேடயமோ சுற்றுப்போட்டியோ, செத்தவர் பேரில்தான் நடக்கும். அமரர் இன்னார் ஞாபகார்த்தக் கிண்ணம் என்றுதான் கேட்டுப் பழக்கம். கொடிகாமத்தில் ஒரு வெங்காய வியாபாரி நான் போன கடைகளில் கையை விரித்த ஒரே ஆள். அவரிடம் காசில்லாமல் அல்ல.

"இருக்கிற ஆளின்ரை பேரிலை கிண்ணம் குடுக்கிறது ஆயுசுக்குக் கூடாது" என்றார். "ஞாபகார்த்தமெண்டால் சொல்லுங்கோ, பெரிய கிண்ணமாய் நான் தாறன்."

அதே கிழமை திருநெல்வேலியில் பதாகை எடுக்கப் போனேன். அச்சகத்துப் பொடியன் விரித்துக் காட்டினான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் பிரகலாதனின் படம், அதன் மேல் 'அமரர் பிரகலாதன் ஞாபகார்த்த விளையாட்டு விழா' என்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளில் அமரரும் இல்லை, ஞாபகார்த்தமும் இல்லை. கை பழகின பழக்கத்தில் அவனாகச் சேர்த்துவிட்டான். பிழை தெரிந்ததும் பாவம், முகம் வெளுத்துப்போனான், காசில்லாமல் வேறொன்று அடித்துத் தருகிறேன் என்றான். நான் ஏசவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு கிழமையில் முதல்தடவையாக எனக்கு வயிறு எரியவில்லை. நெஞ்சு இலேசாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். சரியான பதாகை அரை மணித்தியாலத்தில் வந்தது. பிழையானதையும் விறகு மூடத் தேவை என்று சொல்லிச் சுற்றி எடுத்துவந்தேன். விறகை மூடவில்லை, அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

கடைசியாகப் போன இடம் கொடிகாமத்தில் ஜெரிசன் புதிதாகத் தொடங்கியிருக்கும் சோடாக் கம்பனி. முப்பது வயதும் இராது, நல்ல மரியாதையான பிள்ளை. வருகிற சனம் முழுவதற்கும் சோடா, அத்தனை போட்டிக்கும் முதற்பரிசு என்று தானாகவே சொன்னான். பதிலுக்கு ஒரே ஒரு படம் கேட்டான். புது வருடக் கலண்டருக்குப் பிரகலாதன் சேர் தங்கள் தோடம்பழச் சோடாப் போத்தலோடு இருக்கிற மாதிரி. அவருக்கு அதைக் குடிக்க ஏலாது, தடை என்று நான் விளங்கப்படுத்தினேன்.

"குடிக்கத் தேவையில்லை அண்ணை" என்றான். "கையிலை பிடிச்சபடி ஒரு படம் எடுத்தால் காணும்."

அதையும் ஒப்பந்தக் கடிதத்தில் என் கையால் எழுதினேன். கையில் பிடித்தபடி மாத்திரம் என்று. வெளிக்கிடும்போது ஜெரிசன் தன் மனைவியைக் கூப்பிட்டு, இவர் பிரகலாதன் சேரின்ரை கூட்டாளி என்று என்னை அறிமுகப்படுத்தினான். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டது. நான் என் பெயரைச் சொன்னேன். கூட்டாளி வந்ததே பெரிய விசயம் என்றது.

போன வருடம் மாசி மாதம் விழா நடந்ததை நீ கண்டாய். ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அணிநடை அவன் முன்னால் போகும்போது பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நன்றியுரையில் நாற்பது கடையின் பெயரும் ஜெரிசனின் கம்பனியின் பெயரும் வாசிக்கப்பட்டன, அவற்றைத் தேடிப் போனவனின் பெயர் விடுபட்டுப்போனது. அந்த உரையை எழுதியது நீ. அதைப் பெரிதுபடுத்த நான் வரவில்லை, நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

பிறகு படம் எடுத்தார்கள். அவனுடைய விரல்களுக்குப் பிடி இல்லை என்பதால் போத்தலைக் கீழே இருந்து தாங்கியது என் வலது கை. மூடி திறந்திருந்தால்தான் அழகு என்று படமெடுக்கிறவர் சொன்னார். முதல் படத்தில் கழுத்துவரை சோடா நிற்கிறது, கலண்டரில் வந்தது அதுதான். அப்போது உன் அம்மாவை ஒலிபெருக்கியில் பரிசு மேசைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகும்போது, "குகன் அண்ணை, ஒருக்கால் இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சல் ஓட்ட இறுதிப்போட்டிக்கு வெடி வைத்தார்கள். சனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது, படமெடுக்கிறவரும் முடிவுக்கோட்டுக்கு ஓடினார். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

வெயில் கடுமை. அவனுடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. "மச்சான், ஒரு வாய் வேணுமே?" என்று கேட்டேன். கண்ணை மூடினான். கொடுத்தேன். மூன்று வாய் கொடுத்தேன். இருமக்கூட அவனிடம் பலம் இருக்கவில்லை, தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது, கண்ணால் தண்ணீர் வந்தது. என் கைலேஞ்சியால் வாயையும் கண்ணையும் துடைத்துவிட்டேன். ஓட்டம் முடிந்ததும் படமெடுக்கிறவர் வந்து இன்னுமொன்று எடுத்தார். உன்னுடைய இரண்டாவது படம் அதுதான். போத்தலில் சோடா இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. போத்தலைப் பிடித்த கையில் என் பவள மோதிரம் இருக்கிறது. மலருக்காகப் படம் தேடப் போய் ஒரு வருடம் கழித்து நீ இதைக் கண்டுபிடித்தாய், கெட்டிக்காரி. அப்பாவின் பிள்ளை, கொப்பரைப் போலத்தான்.

அன்று பின்னேரமே காய்ச்சல் தொடங்கியது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். தண்ணிப்பதமாக ஏதோ சுவாசப்பைக்குள் இறங்கியிருக்கிறது, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். யாரும் உன் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. விழாவுக்கு வெளிக்கிடுகிற அவசர அவதியில் காலைப் பாலுக்கு மாவைக் குறைத்துக் கலந்துவிட்டேன் என்று அவராகவே சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன். "அவதியிலை நடக்கிறதுதான், மனதைப் போட்டு அலட்டாதை சிவகௌரி" என்றேன்.

இந்த ஒரு வருடமாக அவர் பால் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னேரம் வருவேன் என்பதும் தெரியும். ஆனால் நாங்கள் என்ன கதைத்தோம் என்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் உன் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "குகன் அண்ணை, அது என்ரை பிழைதானே?" இல்லை என்று சொல்வேன். அடுத்த வெள்ளி திரும்பக் கேட்கிற மாதிரியான ஒரு இல்லை. கொஞ்சம் தாமதித்து, சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும். அவருக்கு என்னை விட்டால் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை. நான் வரப் பிந்தினால் வாசலில் வந்து நின்று பார்ப்பார். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை வாசலில் நின்று பார்த்தது இந்த ஒரு வருடம்தான். நான் அந்த வீட்டுக்கு ஆறுதலாக இருந்தேன் என்றே நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை இரண்டாவது விழா நடந்தது. பழைய பதாகைக்குக் காசு கொடுத்தாயிற்று, திகதியை மட்டும் ஒட்டினால் போதும் என்று நான் சொன்னபோது, அது எந்தப் பதாகை என்று யாரும் கேட்கவில்லை. குத்துவிளக்கும் அமரரும் அளவாகப் பொருந்தியிருந்தன. வெங்காய வியாபாரி சொன்ன சொல் தவறாமல் பெரிய கிண்ணம் தந்தார். தலைமையுரை என்னுடையது. முழுச் சனமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று நீ கேட்ட கேள்வி, "மாமா, நீங்கள் அப்பாவுக்குச் சோடா குடுத்தனீங்களோ?" என்பது. அதற்குப் பதில் ஓம். இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டு. அவர் இனிப் பால் குடிக்கலாம். பொலிசுக்குக் கொடுப்பதானாலும் கொடு. நாற்பத்தொரு கடைக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் நீலநிறக் கொப்பியில் இருக்கிறது, அதையும் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் திருத்தம் உண்டு. கண்ணை மூடினான், கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று எழுதவில்லை. இரண்டு முறை மூடினான். நான் எண்ணினேன். பிறகு கண்ணைத் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் உன் அம்மா நின்ற பக்கம் பார்த்தான். போத்தலைச் சாய்த்தது அதற்குப் பிறகுதான். என்னைப் பார்த்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.